ஸ்டெல்லாவில் ஏறிக் கற்பிட்டிக்கு

காலை 4.45, உடப்பு

கற்பிட்டிக்குப் போன ஆட்களில் பெரும்பாலானோர் பஸ்ஸில் போனவர்கள். பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பி, வெங்காயத் தோட்டமும் காற்றாலையும் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். நானும் என் கணவரும் கடலால் போனோம். உடப்பிலிருந்து வடக்கே கரையோரமாக ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. இருபத்தைந்து குதிரைவலு எஞ்சின் பூட்டிய பைபர் படகு, வெறும் படகாகப் போனால் மூன்று மணித்தியாலம் போதும். எங்களுக்கு ஒரு முழுநாளும் அடுத்த நாள் காலையும் எடுத்தது.

சண்டை முடிந்த பிறகு வெள்ளைக்காரர்கள் டொல்பின் பார்க்கக் கற்பிட்டிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். மீனுக்கு அலைவதைவிட ஆட்களை ஏற்றிக் காட்டலாம் என்று என் கணவர் நினைத்தார். அதற்காக ஆவணியில் தலவிலக் கரையில் ஒரு படகு வாங்கினார். நல்ல படகுதான். ஆனால் அதன் இரண்டு பக்கத்திலும் சிவப்பு எழுத்தில் 'ஸ்டெல்லா' என்று எழுதியிருந்தது.

அது படகை விற்றவரின் மனைவி பெயர். விற்றவர் இத்தாலிக்குப் போகிற ஆள். விசா அலுவலாகக் கொழும்பிலேயே கிடந்தார். என் கணவர் படகு பார்க்க மூன்று தரம் போனார். மூன்று தரமும் எஞ்சினை ஓட்டிக் காட்டியது அந்த ஸ்டெல்லா. திரும்பி வந்து, "அந்தப் பொம்பிளைக்கு எஞ்சின் நல்லாத் தெரியும்" என்றார். பிறகு, "மீன் குழம்பும் நல்லா வைக்கிறா" என்றார். அந்த இரண்டாவது வசனம் எதற்கு?

பெயரை அழியுங்கள் என்றேன். கைமாறின படகுக்கு உடனே பெயர் மாற்றக்கூடாது என்றார். "கற்பிட்டிக்குக் கொண்டு போய் சீசனுக்குப் பெயின்ற் அடிக்கிற நேரம் உன் பேரைப் போடுவம்" என்று சத்தியம் பண்ணினார். பவளராணி, ஐந்து எழுத்து. மூன்று மாதம் அந்த ஐந்து எழுத்துக்காகக் காத்திருந்தேன். கல்யாணம் கட்டிப் பத்தொன்பது வருடம், அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் சொல்லமாட்டோம். அப்படிப்பட்டவளுடைய பெயரை அவர் ஒரு படகில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

புறப்படுவதற்கு முன் கர்ப்பூரம் கொளுத்தி, வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மற்ற வீடுகளில் ஒரு செம்பு போதும். நான் ஒரு வாளி கரைத்து வைத்திருந்தேன். முன்பக்கம், பின்பக்கம், அவள் உட்கார்ந்திருக்கக்கூடிய பலகை, பெற்றோல் கேன் வைக்கிற இடம், ஒன்றும் விடவில்லை. எழுத்தின்மேல் இரண்டு தரம் வீசி அடித்தேன். கணவர் எஞ்சின் ஒயில் போத்தலை எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். வந்து பார்த்துவிட்டு, "படகுக்குத் தண்ணி வார்க்கிறியா?" என்று கேட்டார்.

காலை 5.30 முதல் 7.40 வரை, கடல்

கார்த்திகை முடிகிற நேரத்துக் கடல் சொன்ன பேச்சுக் கேட்கும். கரையில் தென்னை, பிறகு மணல்மேடு, பிறகு மாம்புரிப் பக்கத்து மீனவர் வாடிகள். நான் முன்னுக்கு இருந்தேன், அவர் பின்னுக்கு எஞ்சினோடு. ஏழு மணிக்கு நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூண்டு தெரிந்தது. சீனி போட்ட தேத்தண்ணியும் சீனிச் சம்பல் வைத்த பாணும் சாப்பிட்டோம். பதினொரு மணிக்குக் கற்பிட்டி இறங்குதுறையில் பெயர் எழுதுகிற ரியாஸ் நானா காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரு எழுத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய், நிழல் விழுத்தி எழுதினால் முந்நூறு. நிழல் விழுத்தியே எழுதச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு இருந்தேன்.

புகைக்கூண்டைத் தாண்டியதும் முதல் கேன் முடிந்தது. இரண்டாவது கேனில் குழாயைப் பூட்டினார். ஐந்து நிமிடம் ஓடவில்லை, எஞ்சின் இருமியது, நின்றது. கயிற்றை இழுத்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். மறுபடி இழுத்தார். படகு குறுக்காகத் திரும்பி ஆடத் தொடங்கியது.

"பெற்றோல் பம்பாத்தான் இருக்கும்" என்றார். "முந்தியும் ஒருக்கா இப்பிடி நின்டதாம். ஸ்டெல்லாவைக் கேட்டாத் தெரியும்."

நடுக்கடலில், எஞ்சின் செத்துக் கிடக்கையில், கட்டின மனைவி முன்னால் இருக்கையில், இந்த மனிதருக்கு வாயில் வந்த பெயரைப் பாருங்கள்.

காலை 8.50

வலை இழுத்துவிட்டு வந்த கண்டக்குழிப் படகு ஒன்று எங்களைக் கண்டு திரும்பியது. அதில் தொப்பி போட்ட ஒரு வயதான முஸ்லிம் நானா. எங்களைப் பார்க்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்தார்.

"இது ஸ்டெல்லாட போட்டல்லவா?"

"எங்கட" என்றேன்.

"ஓ, வாங்கினது நீங்களா? நல்ல போட். அந்தப் புள்ள இத என்னா ஓட்டு ஓட்டும்."

"தலவில மட்டும் கட்டி இழுத்து விடுவீங்களா நானா?" என்று கணவர் கேட்டார். கற்பிட்டிக்கே இழுக்கச் சொல்லலாம் என்றேன். அது தூரம், காற்றும் எழும்பும், எஞ்சினைத் தெரிந்த ஆள் தலவிலயில் இருக்கும்போது எதற்கு என்றார்கள் இருவரும். கயிறு கட்டினார்கள். கூலி வாங்க நானா மறுத்துவிட்டார். "ஸ்டெல்லாக்கு சலாம் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கரையில் அவளைத் தெரியாதவர்கள் யாராவது உண்டா?

காலை 10.15, தலவில

மணலில் இறங்கினோம். தென்னைகளுக்கு மேலால் மாதா கோயில் தெரிந்தது. ஒருத்தி ஓடி வந்தாள். நாற்பது வயது இருக்கும். ஆண்களின் பழைய சேர்ட், முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகின சீத்தைத் துணி. அழகி என்று சொல்ல முடியாது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, அழகியாக இருந்திருந்தால் இவரைப் பாதி மன்னித்திருப்பேன். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. படகின் மூக்கில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், மாட்டைத் தடவுகிற மாதிரி.

"அனே ஐயோ ஷண், என்ன செஞ்சீங்க இதுக்கு?"

ஷண். நான் பத்தொன்பது வருடமாகச் சொல்லாத பெயரை இவள் பாதியாக நறுக்கிக் கூப்பிடுகிறாள். இவரோ பள்ளிக்கூடப் பிள்ளை போல நடந்ததை ஒப்பித்துக்கொண்டு நின்றார்.

அவள் எஞ்சின் மூடியைத் திறந்தாள். பம்பைத் தொடவில்லை. பெற்றோல் வடிகட்டியின் சின்னக் கிண்ணத்தைக் கழற்றி, வீட்டிலிருந்து கண்ணாடிக் கிளாஸ் ஒன்றைக் கொண்டு வந்து அதில் ஊற்றினாள். கேனின் அடியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஊற்றினாள். வெயிலுக்கு உயர்த்திப் பார்த்தாள். மேலே பெற்றோல், கீழே இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. ஒயில் கலப்பதற்காக அவர் இரண்டாவது கேனின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த நேரத்தில்தான் நான் வாளியோடு நின்றிருக்கிறேன். இவளைக் கழுவித் துரத்தப் போய், எங்கள் எஞ்சினுக்கே மஞ்சள் தண்ணீர் குடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டெல்லா கிளாஸைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கை நகத்தில் இன்னும் மஞ்சள் இருந்தது, கையைச் சேலைக்குள் மறைத்தேன். கணவர் படகின் மற்றப் பக்கத்தில் குனிந்து நின்றார்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"தண்ணி" என்றாள் அவள். "மூடி சரியா இறுகல்ல ஷண். கடல் தண்ணி தெறிச்சிருக்கும்." கிளாஸை மணலில் கவிழ்த்து, காலால் மூடினாள்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு வரவில்லை. இவளுக்குக் கடமைப்பட்டுவிட்டேனே என்ற எரிச்சல்தான் வந்தது.

பகல் 1.30

முச்சக்கரவண்டிக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்துப் புதுப் பெற்றோல் கொண்டு வந்தோம். குழாயெல்லாம் கழுவிப் பூட்டினார்கள். எஞ்சின் பிடித்தது. "ஓட்டிப் பார்க்கணும்" என்று அவள் ஏறினாள். நானும் காலெடுத்தேன்.

"நீ இரு பவளம், அலை அடிக்குது" என்றார் அவர்.

காலையில் இரண்டு மணித்தியாலம் அதே படகில் வந்தவள் நான். இப்போது எனக்கு அலை ஆகாதாம். பின்னுக்கு எஞ்சினோடு அவள் உட்கார்ந்தாள். முன்னுக்கு நான் இருக்கிற இடத்தில் அவர் உட்கார்ந்தார். படகு அலையை வெட்டிக்கொண்டு போன விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். என் கணவர் ஓட்டும்போது அது ஒருநாளும் அப்படிப் போனதில்லை. இருபத்திரண்டு நிமிடம். கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு தூரத்தில் இரண்டு தலைகள் மட்டும்தான் தெரிந்தன, என்ன கதைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அவளுடைய முகம் நனைந்திருந்தது. தெறித்த தண்ணீராக இருக்கலாம். அதற்குள் காற்று எழும்பிக் கடல் வெள்ளை வெள்ளையாக உடையத் தொடங்கியிருந்தது. இனிக் கற்பிட்டி முனையைச் சுற்றிப் போவது சரிவராது, காலையில் போகலாம் என்று முடிவாயிற்று. ரியாஸ் நானாவுக்கு டெலிபோன் எடுத்து நாளைக்கு என்றோம். சிரித்தார். "பேருதானே, ஓடியா போகப்போகுது?"

பின்னேரம் 5.00

அவர் கரையில் படகுக்குக் காவல். நான் அவளுடைய குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே இத்தாலிக்குப் போனவரின் படம்.

"அக்கா, ஒண்டு சொல்றன், கோவிக்கக்கூடாது" என்றாள். "எனக்கு உங்கள புடிக்கல்ல."

துருவலை நிறுத்தினேன்.

"என்ட மனுசன் என்னக் கேக்காமத்தான் போட்ட வித்தார். கேட்டா அழுவன்னு தெரியும். ஷண் மூணு தரம் வந்தார் தானே. எஞ்சினப் பத்தி ஒண்டும் கேக்கல்ல. 'பொஞ்சாதி முன்னுக்கு இருந்தா நனைவாளா? ஏறி இறங்க லேசா இருக்குமா?' அதத்தான் கேட்டார். யாருடா அந்த மகாராணின்னு எனக்குப் பொறாமையா இருந்திச்சு. என்ட போட்ல, என்ட இடத்துல இருக்கப் போறா."

மறுபடி துருவத் தொடங்கினேன். சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் பாருங்கள், அந்தக் கேள்விகளை அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இவளிடம்தான் கேட்டிருக்கிறார்.

அவள் மீனைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "பேர அழிக்கப் போறீங்களா?"

மணலில் கவிழ்த்த கிளாஸ் நினைவுக்கு வந்தது.

"இல்லை" என்றேன்.

சாப்பாட்டில் அவர் இரண்டு தரம் குழம்பு வாங்கினார். நானும் இரண்டு தரம் வாங்கினேன். நல்ல குழம்பு, அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை 8.30, கற்பிட்டி

கடல் மறுபடி பணிந்திருந்தது. விடிந்ததும் புறப்பட்டு முனையைச் சுற்றி வாவிக்குள் வந்தோம். கோட்டை மதில், காயப்போட்ட கருவாட்டு மணம், இறங்குதுறையில் வரிசையாகக் கட்டின படகுகள். ரியாஸ் நானா வெள்ளைப் பெயின்ற்றும் பிரசும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னா பேரு?"

கணவர் என்னைக் காட்டி, "பவளராணி" என்றார். சொன்ன சொல் தவறவில்லை. ரியாஸ் நானா 'ஸ்டெல்லா'வின் மேல் வெள்ளை அடிக்கக் குனிந்தார். வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்த நனைந்த முகம் கண்ணுக்குள் நின்றது.

"நானா, வலப்பக்கம் மட்டும் எழுதுங்க" என்றேன். "இடப்பக்கம் இருக்கிறது இருக்கட்டும்."

"ஒரு போட்டுக்கு ரெண்டு பேரா? இப்பிடி ஒரு புதினத்த நான் கண்டில்ல."

"ஓம். நிழல் விழுத்தி எழுதுங்க."

ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்தோம்.

கடைசியாக

இப்போது இரண்டாவது சீசன். உடப்பில் படகு மூக்கை மணலில் குத்திக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் ஒன்றுதான், யாரும் பார்க்கமாட்டார்கள். கற்பிட்டி அப்படியில்லை. இங்கே படகு இறங்குதுறையோடு பக்கவாட்டில் அணைய வேண்டும். ஒரு பக்கம் ஆட்களைப் பார்க்கும், மற்றது தண்ணீரைப் பார்க்கும். பத்து மணிக்கு டொல்பின் பார்த்தவர்களை ஏற்றிக்கொண்டு அவர் வரும்போது, எந்தப் பக்கத்தைக் காட்டி வருகிறார் என்று நான் துறையில் நின்று பார்ப்பேன். ஒருநாளும் பார்க்கத் தவறியதில்லை.

பெரும்பாலும் பவளராணிதான் வருவாள். போன கிழமை ஒருநாள் ஸ்டெல்லா வந்தாள்.

ஆட்கள் இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து கேட்டேன். "என்ன, இன்டைக்கு அந்தப் பக்கம்?"

"காத்து அப்பிடி" என்றார். கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். "நம்பிக்கை இல்லாட்டி ஒரு வாளி மஞ்சத் தண்ணி கரைச்சு ஊத்து. ஆனா இந்த முறை கேன் மூடியைப் பார்த்து ஊத்து."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவரே கண்டுபிடித்தாரா, அல்லது அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் அவள்தான் சொன்னாளா? இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.