சோலை வாசலில் விட்ட ஷூ

காலை ஏழு மணிக்குச் சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினோம். எண்பத்தாறாம் வருடம், ஐப்பசி மாதம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் என் வீட்டுக்காரர் மலையைப் பார்க்கவில்லை. குனிந்து தன் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. ஐம்பது வயதுவரை செருப்பிலேயே காலம் தள்ளியவர். "கல்லுல கிழிஞ்சு போயிருமுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே!

ஏற்காட்டில் இறங்கி, ஒண்டிக்கடை முக்கில் டீ குடித்தோம். டீக்கடை பாய் வழி சொன்னார்: "தலைச்சோலை ஊரைத் தாண்டிக் காட்டுக்குள்ள பூந்தீங்கன்னா, ஓடையைக் கடந்து சுத்திக்கிட்டு இங்கயே வந்துரலாமுங்க. மழைக்கு முந்தி ஓடையைத் தாண்டிருங்க. தண்ணி ஏறுச்சுன்னா நொம்பக் கஷ்டம்."

பதினோரு மணிக்குச் சோலையின் முகப்பை அடைந்தோம். மரத்தடியில் மஞ்சள் பூசிய கல், பக்கத்தில் வேல். சாமி காடு, செருப்புப் போடக் கூடாது. என் செருப்பைக் கழற்றி விட்டேன். அவர் காலுறையை மடித்து ஷூவுக்குள் வைத்து, ஜோடியாக நிறுத்திவிட்டு வந்தார்.

உள்ளே ஈரச் சருகு மெத்தை. வெறுங்காலில் நடக்க அத்தனை சுகமாக இருந்தது. காடு முடிந்ததும் ஓடை. கரையில் வெள்ளை மணல். அங்கே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். கணுக்கால் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறினோம். அவர் காலைத் துடைத்துவிட்டு, ஷூவுக்காகப் பக்கத்தில் கையை நீட்டினார்.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. கோயிலென்றால் போன வாசலிலேயே திரும்பி வருவோம். இதுவோ சுற்றுப் பாதை.

மேலே இடி இடித்தது. தண்ணீர் கலங்கி வரத் தொடங்கியிருந்தது.

"போய் எடுத்துக்கிட்டு வந்தர்றேன்" என்று எழுந்தார்.

"திரும்பி வர்றப்ப ஓடை உடுமுங்களா? நான் ஒருத்தி இக்கரையில நிக்கறதா?"

"புள்ள கேட்டா என்னன்னு சொல்றது?" அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்க அவரைத் திட்டினேன். அவர் அதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

எதிர்க்கரையில் ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். தலையில் ஆரஞ்சுக் கூடை, இடக்கையில் எங்கள் ஷூவும் செருப்பும். முழங்கால் தண்ணீரில் நிதானமாக நடந்து வந்து நீட்டினார்.

"ஏனுங்க, உங்களுதுங்களா? நாங்க கையில புடிச்சுக்கிட்டுத்தானுங்க சோலைக்குள்ள போவோம். டவுன்காரங்க கோயிலாட்டம் வாசல்லயே உட்டுப்புடறீங்க. பொறவு வர்றவங்க எடுத்தாந்து குடுத்துருவோமுங்க."

அவர் பெயர் சின்னப்பொண்ணு. ஒண்டிக்கடைக்குத்தான் பழம் கொண்டுபோகிறார். மழையில் நனைந்துகொண்டே அவர் பின்னால் நடந்தோம். என் வீட்டுக்காரர் ஷூவைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஷூ நனையவில்லை, அவர் தலைதான் நனைந்தது.

குப்பனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் மலை இறங்கினோம். எங்கள் ஊர்க் கோயிலில் சாமி கும்பிடும்போது பாதி மனசு வெளியே விட்ட செருப்பில்தான் இருக்கும். இங்கே அதை மறந்தே போயிருந்தோம். முன்பின் தெரியாத ஒருவர் அதைச் சுமந்து வந்தார்.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். "ஷூ எப்படிப்பா இருந்துச்சு?"

"மலையவே சுத்தி வந்துருச்சு கண்ணு. ஒரு கீறல் இல்ல" என்றார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.