சுகர் மெஷினுக்கும் வெயில் தாங்காது: முதலமடையில் ஒரு நாள்

மாம்பழம் வாங்கத்தான் போனோம். ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில் கோவையிலிருந்து பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் வழியாகக் கேரள எல்லையிலுள்ள முதலமடை. ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். காலை எட்டரைக்குக் கிளம்பினோம். கணவர்தான் ஓட்டினார். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு, பொள்ளாச்சியில் இரண்டே இட்லி சாப்பிட்டார். பழத்துக்கு வயிற்றில் இடம் வேண்டுமாம்.

கோவிந்தாபுரம் தாண்டினால் இருபக்கமும் மாந்தோப்புகள். பதினொரு மணிக்கு ஒரு தோப்பில் நிறுத்தினோம். வழி காட்டிய செல்போனையும் சுகர் பார்க்கும் மெஷினையும் டேஷ்போர்டிலேயே விட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் சுற்றினோம். கார் வெட்டவெயிலில் நின்றது.

மூன்று கிலோ பழத்தோடு திரும்பியபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"கிறுகிறுன்னு வருது. இனிப்பா ஏதாச்சும் குடு."

"இருங்க, சுகர் பாத்துக்கலாம். ஏறியிருந்துச்சுன்னா என்ன பண்றது?"

மெஷினில் எண் வரவில்லை. வெப்பமானி படம்தான் வந்தது. ஏ.சி. போட்டு அதன் முன்னால் பிடித்தேன். மறுபடியும் அதே படம். டாக்டரைக் கூப்பிடலாமென்றால், போன் சூடாகிவிட்டது, ஆறவிடவும் என்றது திரை. அவர் இன்னொரு முறை கேட்டார். நாக்குக் குழறியது. நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் போனது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

பழம் எடைபோட்டுத் தந்த சரஸ்வதி கார் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங்கக்கா, அந்த மிசினை வெச்சுப்போட்டு அண்ணன் மொகத்தைப் பாருங்க. எங்கூட்டுக்காரருக்கும் சக்கரை இப்பிடித்தான் கீழ எறங்குமுங்க."

ஓடிப்போய்ச் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொண்டுவந்து, அவரே வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். கால் மணி நேரத்தில் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கொல்லங்கோட்டில் டாக்டரிடம் காட்டிவிட்டு, நானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

எங்கள் மெஷின் பத்து முதல் நாற்பது டிகிரி வரைதான் வேலை செய்யும். போன்களுக்குப் பெரும்பாலும் முப்பத்தைந்துதான் எல்லை. இரண்டுமே கையேட்டில் இருக்கிறது. வீடு திரும்பிய பிறகுதான் படித்தேன். கோடையில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் இரண்டையும் கைப்பையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். மெஷின் காட்டாவிட்டால் காத்திருக்காமல் முதலில் இனிப்பு கொடுங்கள் என்றார் டாக்டர். மடியில் மூன்று கிலோ மாம்பழத்தை வைத்துக்கொண்டு நான் எண்ணுக்காகக் காத்திருந்தேன்.

 கணவர் இப்போதெல்லாம் சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொள்கிறார். என்னிடம் கேட்பதில்லை.