உப்பு ஏறிய தொட்டி

பிறந்த பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து என் மனைவி பேசவில்லை, வாசலையும் தாண்டவில்லை. கடல் என்றால் அவளுக்கு உயிர். உப்பளம் பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார முசியே பிரான்சுக்குக் கப்பலேறியபோது விட்டுப்போன கண்ணாடித் தொட்டியை அவள் பாயருகே வைத்து, கடல் தண்ணீர் நிரப்பி, வரி போட்ட சின்ன மீன்கள் இரண்டை விட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அது போதும்.

சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றியது. வற்ற வற்றக் கடல் தண்ணீரையே மொண்டுவந்து ஊற்றினேன். ஒரு மத்தியானம் ஒரு மீன் செத்து மிதந்தது. மற்றது சாய்ந்து கிடந்து வாயைப் பிளந்தது. இதுவும் போனால் இவளும் போய்விடுவாள் என்ற பயத்தில் வாளியோடு மறுபடி கடலுக்கு ஓடினேன்.

வாசலில் என்னை ஒரு குரல் நிறுத்தியது.

"எங்க ஓடறீங்க? கொழம்பு சுண்டிப்போனா உப்புத் தண்ணியா ஊத்துவாங்க?"

அவள்தான். குடிதண்ணீர்ச் சொம்போடு தொட்டியருகே நின்றாள்.

"நல்ல தண்ணி ஊத்தினா செத்துடும்டி."

"தண்ணிதான் வத்துது, உப்பு எங்கயும் போவல. கொழம்பே வைக்கத் தெரியாது, கடல் வைக்க வந்துட்டாரு" என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

மீன் பிழைத்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மத்தியானம் முழுக்க அவள் பேசப் பேச, எனக்குக் காது மட்டும்தான் இருந்தது.