குழாயடிக் கீரை

அந்தத் தையல் ஆலையில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தின் தலைமைச் சமையல்காரி. தைக்கிற பெண்களும், துணி வெட்டுகிறவர்களும், அங்கேயே மெக்கானிக்காக இருந்த அவள் புருஷனும் மதியம் அவள் கையால்தான் சாப்பிட்டார்கள். யாராவது "பிரமாதம்க்கா" என்றால், காதில் விழாததுபோல அடுத்த தட்டுக்குக் கரண்டியை நகர்த்துவாள். ஆனால் எல்லாம் விழும். யார் சொன்னார்கள், யார் வாயே திறக்கவில்லை என்பது வரைக்கும்.

அந்தச் சமையலறைக்கு வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் இன்னொருத்தி வந்து சேர்ந்தாள். பெரியக்காவைவிடக் கொஞ்சம்தான் இளையவள். வந்த வாரமே பின்பக்கக் குழாயடியிலிருந்து ஒரு கூடை களையைப் பறித்துக்கொண்டு வந்து நின்றாள். தரையோடு படர்கிற செடி. சிவந்த தண்டு, கொழுகொழுவென்று குட்டி இலை.

"அய்ய, களையைப் போய் பறிச்சிட்டு வந்திருக்கியே!" என்றாள் பெரியக்கா.

"பருப்புக்கீரைக்கா. நல்லா அலசிட்டா ஆச்சு." புதியவள் ஒரு தண்டை ஒடித்துக் காட்டினாள். "ஒடிச்சா பால் வந்துச்சுன்னா அது வேற செடி, தொடவே கூடாது. இதுல பாருங்க, வெறும் தண்ணிதான்."

பூண்டைத் தட்டிப் போட்டு, கீரையை லேசாக வதக்கி, ஒரு சின்னச் சட்டியில் ஓரமாக வைத்தாள். பெரியக்காவின் சூப்புக்கு நின்ற வரிசை அன்று அந்தச் சட்டியின் பக்கம் வளைந்தது. ஆலைக் கிடங்கைப் பார்க்கிற ஸ்டோர்காரர் மட்டும் தட்டை நீட்டிவிட்டு ஏமாந்து திரும்பினார். "உங்களுக்குச் சிறுநீரகத்துல கல்லுன்னு சொன்னீங்களே. இது ஆகாது, வேணாம்" என்று புதியவள் கையால் தட்டை மூடிவிட்டாள். அதற்கும் அவளைத்தான் மெச்சினார்கள். பார்த்துப் பார்த்துப் போடுகிறாளாம்! பெரியக்காவுக்கு அடுப்பில்லாமலே வயிறு எரிந்தது.

வீட்டில் அதைவிட மோசம். கல்யாணமான நாளிலிருந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ம்" என்பதற்கு மேல் பேசாத மனுஷன், செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "நாளைக்கும் அந்தக் கீரை உண்டா?"

"எனக்கென்ன தெரியும்? சமைக்கிற மகராசியைக் கேளுங்க."

கேட்கத்தான் செய்தார் போலிருக்கிறது. ஒரு நாள் இஸ்திரி மெஷினின் ஆவி அவர் மணிக்கட்டில் அடித்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பெரியக்கா கைவேலையைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். அவர் கை குழாய்த் தண்ணீரில் நனைந்து சிவந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அரைத்த கீரையைப் பச்சையாக அப்பிக்கொண்டிருந்தாள் புதியவள்.

"ஜில்லுனு இருக்கு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

"வாங்கக்கா. லேசான காயம்தான், தோல் உரியல" என்றாள் அவள்.

பெரியக்கா திரும்பி அடுப்படிக்கே நடந்தாள். சாயங்காலம் எல்லோரும் போனபின் தோட்டக்காரரின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கொத்தினாள். தண்டு தண்டாகத் துண்டாக்கிச் சேற்றிலேயே மிதித்தாள். மறுநாள் வெறும் மண்ணைப் பார்த்துப் புதியவள் முகம் சுண்டியபோது, பல நாளுக்குப் பிறகு பெரியக்காவுக்குச் சோறு இறங்கியது.

அப்புறம் கோடைமழை பெய்தது. மிதிபட்ட துண்டுகள் ஒன்று விடாமல் வேர்விட்டன. முன்பு கூடையளவு இருந்த கீரை, சுவரோரம் முழுக்கப் பாய் விரித்ததுபோல் படர்ந்தது. "நம்ம ராசிக்கா!" என்று புதியவள் குதூகலித்தாள். பெரியக்கா பல்லைக் கடித்தாள்.

கடித்தால் வலித்தது. அந்தக் கோடையில் அவள் வாயெல்லாம் புண். உப்பு எது, புளிப்பு எது என்று நாக்குக்குத் தெரியவில்லை. சூப்பு கரித்தது. யாரோ தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். புதியவள் மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கீரையை மென்னு வாயில வச்சிருந்தா புண்ணுக்கு இதமா இருக்கும்க்கா."

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் வேலையைப் பாரு."

ஆனால் காலையில் முதல் ஆளாக வந்து, சுற்றும்முற்றும் பார்த்து, ஒரு பிடி கிள்ளிக் கழுவி வாயில் போட்டாள். புளித்துக் கொட்டியது, புண் சுரீரென்றது. சாயங்காலம் மறுபடி முயன்றாள். அதே செடிதான், புளிப்பு அடங்கி வழவழவென்று இதமாக இருந்தது. இரண்டு நேரமும் மாற்றி மாற்றித் தின்றுபார்த்து உறுதி செய்துகொண்டாள். வாயும் ஆறிவந்தது. கீரையாலா, தானாகவா, அவளுக்குத் தெரியாது. ஆனால் காலைக்கீரை, மாலைக்கீரை விஷயம் அந்தச் சமையலறையில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது வாய்க்குள் கற்கண்டாக இனித்தது.

மேலதிகாரிகள் சாப்பிட வந்த அன்று, புதியவள் விடிந்ததும் பறித்த கீரையைத் தயிரில் பச்சையாகக் கலந்து வைத்தாள். ஒரு வாய் எடுத்த மேனேஜர் முகத்தைச் சுளித்துத் தட்டைத் தள்ளினார். உள்ளே வந்து பாத்திரத் தொட்டிமேல் குனிந்துகொண்டு அவள் அழுதாள். இதற்காகத்தானே பெரியக்கா காத்திருந்தது? ஆனாலும் அந்தத் தோள்கள் குலுங்குவதைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"காலையில பறிச்சா புளிக்கும்டி. பச்சையா வைக்கணும்னா முதல் நாள் சாயங்காலமே பறிச்சு வச்சுக்க."

அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தின்னேன். திருட்டுத்தனமா. போதுமா?" என்று பெரியக்கா சீறினாள். அழுகைக்கு நடுவில் மற்றவள் சிரித்துவிட்டாள்.

அடுத்த முறை சட்டி வழித்தெடுத்ததுபோல் காலியானது. "இது அக்கா சொன்ன பக்குவம்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் புதியவள் சொன்னாள். பெரியக்காவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. புகழைத் தூக்கிக் கொடுக்கிற பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டதே!

தன் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் புதியவள் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனாள். கீரை பெரியக்காவின் பொறுப்பானது. மாலையில் பறித்தாள், தண்டு ஒடித்துப் பால் பார்த்தாள், ஸ்டோர்காரரின் தட்டை மூடினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். புருஷன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா அந்தம்மா கைப்பக்குவம் வேற."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டியை நங்கென்று போட்டாள்.