பஞ்சாட்சரம் ஏன் நண்டு பிடித்தார்

நாற்பத்தாறு வயது வரை பஞ்சாட்சரம் நண்டு பிடிக்கப் போனதே இல்லை. இந்தத் தை பிறந்ததிலிருந்து தினமும் போனார். சாமைக் கொல்லையிலிருந்து வந்து, மாட்டைக் கட்டிவிட்டு, நேராக ஓடைக்கு. முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் அசையாமல் நிற்பார். பாதத்து எரிச்சல் கொஞ்சம் அடங்கும். வெறுங்கையோடு திரும்பினால் மனைவி கோகிலவாணி கேள்வி கேட்பாள். அதனால் கல்லைப் புரட்டி நாலு நண்டு எடுத்துக்கொள்வார்.

அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது அவளுக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போன காலத்தில் தொற்றியது என்று சொன்னபோது இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் மாத்திரை நேரத்துக்குச் செல்போனில் அலாரம் வைத்தாள். அவளுக்குத் தெரியாதது கால் எரிச்சல் மட்டும்தான்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. மலைக்குக் கீழே மாத்திரை வாங்கும் மையத்தில் பக்கத்தில் உட்காரும் சேட்டு என்பவர், இரண்டு வருடம் முன்பு கால் எரிகிறது என்று டாக்டரிடம் சொன்னார். மாத்திரையை மாற்றினார்கள். ஆறு மாதத்தில் சேட்டு இறந்துபோனார். ஆக, எரிச்சல் வந்தால் மாத்திரை கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். பஞ்சாட்சரம் பல்லைக் கடித்துக்கொண்டார்; தை மாதம் அதுவும் முடியாமல் போனபோதுதான் ஓடை.

மாசியில் அவர் மையத்துக்குக் கிளம்பியபோது கோகிலவாணியும் கூடப் பஸ் ஏறினாள். அவளுக்கும் வருடாவருடம் ரத்தப் பரிசோதனை உண்டு. இந்த முறையும் தொற்று இல்லை.

"எப்படி இருக்கீங்க?" என்றார் டாக்டர் புவனா, கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். வெளியே அறுபது பேர் வரிசை.

"நல்லா கீறேன் மேடம்."

"இன்னா நல்லா கீற?" கோகிலவாணி பாய்ந்தாள். "மேடம், இவருக்கு இன்னாமோ ஆயிடுச்சி. தெனம் நண்டு புடிச்சிகினு வர்றாரு. கொழம்பு வெச்சாச்சு, ரசம் வெச்சாச்சு, பக்கத்து வூட்டுக்கும் குடுத்தாச்சு. இந்தாளு ஒண்ணு வாயில வெக்கறதில்ல."

டாக்டர் பேனாவை வைத்தார். "சாப்பிடாத நண்ட எதுக்குப் புடிக்கறீங்க?"

"சும்மா... தண்ணில நிக்கலாம்னு."

"செருப்பக் கழட்டுங்க."

டாக்டர் பஞ்சால் அவர் பாதத்தைத் தொட்டார். அதிரும் இரும்புக் கவை ஒன்றைக் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதா?"

"இன்னா அதிருது?"

"எரிச்சல் எத்தன நாளா?"

பஞ்சாட்சரம் மனைவியைப் பார்க்காமல் சொன்னார்: "ஒரு வருஷம் ஆவுது."

"அடப்பாவி மனுசா!" கோகிலவாணி அவர் தோளில் ஓர் அடி வைத்தாள்.

"மாத்திர கைவுட்டுடுச்சா மேடம்? சேட்டு மாதிரி?"

"அடுத்தவங்க வெஷயம் நான் பேச மாட்டேன். உங்களதப் பாருங்க." கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். "போன மாசம் எடுத்த ரத்தம். கிருமி கணக்குலயே வராத அளவுக்குக் கம்மி. மாத்திர நல்லா வேல செய்யுது. இது நரம்பு வலி. நெறைய பேருக்கு வருது, யாரும் வாயத் தொறக்கறதில்ல. மரத்துப் போனது முழுசா திரும்பாம இருக்கலாம். எரிச்சல அடக்க தனி மாத்திர இருக்கு. வெறுங்கால்ல நடக்காதீங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் பஞ்சாட்சரத்துக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. கோகிலவாணி முந்தானையை நீட்டினாள்.

"மூக்க சிந்தாத. புதுப் பொடவ."

மலையேறும் பஸ்ஸில் அவர் வாய் மூடவே இல்லை. குரலைத் தாழ்த்தி, இடுப்பு வலி, ஈறு வலி, இடது தோள்பட்டையில் ஒரு பிடிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். நாலாவது கொண்டை ஊசி வளைவில் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"போதும்யா. ஒரு வருஷத்துதயும் ஒரே பஸ்ல எறக்காத."

புது மாத்திரை தொடங்கிய பதினெட்டாம் நாள் எரிச்சல் பாதியாகியிருந்தது. மிச்சப் பாதி இன்றைக்கு எப்படி என்று காலையில் எழுந்ததும் அவராகவே சொல்லிவிடுகிறார். கேட்டுக் கேட்டு அவளுக்குத்தான் சலிக்கிறது.