மலையேறிய எருமை

மலைக்குப் போனால் செலவு குறையும் என்று எங்களுக்குச் சொன்னது யார் என்று இப்போது யோசித்துப் பார்த்தால், ஒருவரும் சொல்லவில்லை. நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். சின்ன ஊர் என்றால் செலவில்லை என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சங்ககிரிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ஊரில் காசு கொடுத்து வாங்குவது உப்பு, சீமையெண்ணெய், துணி, இவ்வளவுதான். கீரை வேலியோரம் கிடைக்கும். விறகுக்கு வேலாமரம் இருந்தது. ஏற்காடு அதைவிடச் சின்ன ஊர், காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். அங்கே என்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது?

இரண்டு வருடம் மழை பொய்த்துக் கிணறு காய்ந்தபோது, என் வீட்டுக்காரருக்கு மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர் வேலை கிடைத்தது. எட்டாவது வரை படித்தவர். ஆட்களின் பேரை எழுதி, பறித்த காப்பிப் பழத்தை அளந்து பதிகிற வேலை. மாதம் பதினைந்து ரூபாய், இருக்க வீடு. முதலில் அவர் மட்டும் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு, என்னையும் மூன்று வயது மகளையும் கூட்டிப்போக வந்தார். வந்த அன்றே மேலே விற்கிற விலைகளைச் சொன்னார். கீழே படி இரண்டணா விற்ற அரிசி மேலே மூன்றணா. பருப்பும் எண்ணெயும் அப்படியே.

"எல்லாம் சேலத்திலிருந்து மேல ஏறோணும் புள்ளே. வண்டிக்கூலியும் சேர்த்துத்தான் வெலை."

"அப்புறம் எப்படிங்க பொழைக்கறது?"

"அதுக்குத்தான் ஒரு ரோசனை பண்ணி வச்சிருக்கறேன். அரிசி வெலை ஏறினா பால் வெலையும் ஏறித்தானே ஆவோணும்? மேல பாலுக்கு ஆலாப் பறக்கறாங்க. நம்ம எருமையை ஓட்டிட்டுப் போயிருவோம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த எருமை என் மகள் பிறந்தபோது என் அப்பா எடப்பாடியிலிருந்து ஓட்டிவந்து கட்டியது. இரண்டாம் ஈத்துக் கன்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று படி கறக்கும். காய்ந்த வருடங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். அப்பாவிடம் சொன்னேன்.

"சந்தையில வித்தா நாப்பத்தஞ்சு ரூவாய்க்குக் கண்ணை மூடிக்கிட்டு வாங்குவாங்க சாமி. மேல எப்படியோ என்னமோ."

வேண்டாம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. எங்களில் ஒருவரும் அந்த மலைமேல் மாடு கட்டினவர்கள் இல்லை. கீழே இருந்து பார்த்தால் அது நீலமாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும்.

எருமையையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு நாலு நாள் நடந்தோம். முதல் பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டுக்காரர் போட்ட கணக்கு தப்பவில்லை. தோட்டத்துத் துரையின் பங்களாச் சமையல்காரர் ஒரு படி வாங்கினார். நாங்களும் மற்ற ஆட்களும் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் ஒரு படி போயிற்று. கீழே விற்றதைவிட இரண்டு மடங்கு விலை. நான் பாத்திரத்தை மூடி எடுத்துப் போய் வாசலில் நிற்பேன். கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவர்களாக வந்து பார்த்து வாங்கிக்கொள்வார்கள். அப்படி வாங்குகிற அளவுக்குப் பாலுக்கு அங்கே பஞ்சம்.

கார்த்திகை பிறந்ததும் பனி இறங்கியது. நாங்கள் அறிந்த பனி விடியற்காலையில் வேட்டியைத் தலையில் போர்த்திக்கொண்டால் போய்விடும். இது பகல் பன்னிரண்டு மணிக்கும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தேங்காயெண்ணெய் புட்டியில் கல்லாகக் கிடந்தது. மகளுக்கு உதடு வெடித்து ரத்தம் வந்தது. பருப்பு எத்தனை நேரம் வெந்தாலும் மலரவில்லை. கீழே ஒரு கட்டு விறகில் ஆகிற சமையலுக்கு இரண்டு கட்டு ஆயிற்று. காடு சுற்றிலும் இருந்தும் தோட்டத்தில் வாரம் ஒரு சுமைதான் எடுக்க விடுவார்கள். மேற்கொண்டு வேண்டுமானால் காசு கொடுக்க வேண்டும். கம்பளி என்று ஒன்றை நாங்கள் அதற்குமுன் வாங்கியதே இல்லை. மூன்று பேருக்கு ஒன்றுதான் வாங்க முடிந்தது.

எருமைக்குச் சோளத்தட்டு கிடையாது. மலைப்புல்லை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் சேலத்திலிருந்து வர வேண்டும். கடைக்காரரிடம் விலையைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த காசை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"கீழ்நாட்டு வெலையை மனசுல வச்சுக்கிட்டு நிக்காதீங்க அம்மிணி. அது உங்களைவிட முன்னாடியே மலையிறங்கிப் போயிருச்சு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். புண்ணாக்கு மட்டும் பாதி வீசை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதில் எனக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை ஓடியது. எங்கள் பக்கத்தில் எருமையைத் தண்ணீரில் இறக்காமல் ஒருநாளும் கட்டமாட்டார்கள். தண்ணீர் காணாத எருமைக்குச் சூடு பிடித்துப் பால் வற்றிப்போகும். கிணறு காய்ந்த வருடங்களில்கூட, ஒரு மைல் தூரத்திலிருந்து குடத்தில் சுமந்து வந்து அதன் முதுகில் ஊற்றியிருக்கிறேன். இங்கே காலடியில் தண்ணீர். அதனால் தினமும் சாயங்காலம் அதை ஓடையில் இறக்கித் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். கார்த்திகை பிறந்த பிறகு அது ஓடைக்கரையில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வர மறுத்தது. புது இடத்துச் சண்டித்தனம் என்று நினைத்தேன். கயிற்றை இழுத்து, வாலை முறுக்கி இறக்கினேன். பால் மூன்று படியிலிருந்து இரண்டு படி ஆயிற்று. பால் குறைகிறதே என்று இன்னும் நன்றாகக் குளிப்பாட்டினேன்.

அடுத்த வீட்டு அக்கா ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பன்னிரண்டு வருடமாகப் பழம் பறிக்கிறவர். இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவர் என்பதால் சாயங்காலத்தில் நான் செய்வது அவர் கண்ணில் பட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைக்குத் துணி துவைக்க வந்தவர் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, மாட்டைக் கொல்றதுக்கா இவ்ளோ தூரம் கூட்டியாந்தே? இந்தத் தண்ணியில நீ இறங்கி உக்காரு பாக்கலாம்!"

அப்போதுதான் எருமையைச் சரியாகப் பார்த்தேன். தொடைச் சதை ஆடிக்கொண்டிருந்தது. ஈ ஓட்டுவதற்காக ஆட்டுகிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன். அங்கே ஈயே இல்லை.

அன்று ராத்திரி எங்கள் கம்பளியை அதன் முதுகில் கட்டினேன். நாங்கள் மூவரும் சாக்கில் படுத்தோம். காலையில் அக்கா எட்டிப் பார்த்தார். "எருமைக்குக் கம்பளி, புருஷனுக்குச் சாக்கு. நல்லாத்தான் இருக்குது குடித்தனம்" என்றார். ஆனால் அவர்தான் தன் பங்கு விறகிலிருந்து இரண்டு கட்டை கொடுத்து, எருமை நிற்கிற கட்டுத்தரையில் தீ மூட்டம் போடச் சொன்னார். மூட்டம் போட்டோம். மிளகும் வெல்லமும் இடித்துக் கொடுத்தோம். அதற்கு வாங்கின தீனி எங்கள் மூவர் சாப்பாட்டைவிட அதிகமாயிற்று. பால் ஒரு படிக்கு இறங்கியது. பங்களாவுக்குக் கொடுப்பது நின்றது. பிறகு கன்றுக்கே போதவில்லை.

"அப்பா ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போயிரலாமுங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு எட்டு நாள் ஆயிற்று.

"பழக்காலத்துல ஒருநாள் நின்னாலும் துரை வேற ஆளை வச்சுருவாரு. தை பொறந்தா வெயில் வந்துரும். பொறு."

"அது பொறுக்காதுங்க."

அவர், "நீ தனியா ஓட்டிட்டுப் போயிருவியா?" என்று கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன். அதுவரை சந்தைக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை.

மார்கழி நடுவில், மகளை அக்காவின் வீட்டில் விட்டுவிட்டு, விடிந்ததும் எருமையையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு புறப்பட்டேன். அடிவாரம் வரைக்கும் இறக்கிவிட்டால் போதும். அங்கே காற்று சுடும், எருமை தேறிவிடும், அதன்பின் எடப்பாடிக்கு எத்தனை நாளானாலும் நடந்துவிடலாம் என்று இருந்தேன். நாலு வளைவு இறங்கியது. ஐந்தாவது வளைவில் மண் சரிவின் நிழலில் முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டது. இழுத்தேன். வாலைப் பிடித்துத் தூக்கினேன். அதன் காதோரம் வாயை வைத்து என்னவெல்லாமோ சொன்னேன். கன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு வண்டி மேலே போயிற்று. வண்டிக்காரன் பார்த்தான். உதவி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனும் நிற்கவில்லை.

பிறகு மாட்டுத் தரகர் ஒருவர் இரண்டு கிழட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலிருந்து வந்தார். நின்று, எருமையின் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். காதைத் தொட்டுப் பார்த்தார்.

"எந்த ஊருங்க அம்மிணி?"

சொன்னேன்.

"அங்கிருந்து எருமையை இங்க ஓட்டியாந்தீங்களா! யானையைக் கொண்டாந்திருந்தாலும் பொழைச்சிருக்குமே. இது எந்திரிக்காதுங்க. இனித் தோலுக்குத்தான். கன்னோட சேத்து எட்டு ரூவா தாரேன். வேண்டாம்னா சொல்லுங்க, நான் பாட்டுக்குப் போறேன்."

அப்பா சொன்ன நாற்பத்தைந்து எனக்கு ஞாபகம் வந்தது. பத்து ரூபாயாவது கொடுங்கள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கையை நீட்டிவிட்டேன். கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். முதுகிலிருந்த கம்பளியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டேன். அதை அவிழ்க்கும்போது எருமை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

இரண்டு வளைவு மேலே ஏறிய பிறகு மூச்சு வாங்கி நின்றேன். கீழே அந்த வளைவு நன்றாகத் தெரிந்தது. தரகர் எருமையை அடிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பக்கத்தில் குந்திப் பீடி குடித்துக்கொண்டிருந்தார். சரிவின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, வெயில் எருமையின் மேல் வந்து விழுந்தது. அவர் அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை. வெகுநேரம் கழித்து வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்து அதன் வாயில் வைத்தார். எருமை முன்னங்காலை ஊன்றியது. தள்ளாடியது. எழுந்து நின்று உடம்பை ஒருமுறை உதறியது. கன்று மடிக்கு ஓடியது. தரகர் பீடியைப் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். கயிறு தொய்வாகவே இருந்தது. அது தானாகவே அவர் பின்னால் நடந்தது.

கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். அடுத்த வளைவில் அவர்கள் மறையும்வரை அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்து கடைக்குப் போனேன். நாற்பது படி அரிசி வேண்டுமென்று சொல்லி ரூபாய்களைப் பலகையில் வைத்தேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"என்ன அம்மிணி, இன்னிக்கு ரொக்கமா நீட்டறீங்க? பால் யாவாரம் நல்லா ஓடுது போல!"

"ஆமாங்க" என்றேன்.

அந்த அரிசி தை மாதக் கடைசிவரை வந்தது.