நடுச்சாமத்தில் கேட்ட பாங்கு

“தயிர்க்காரன்ர மகளுக்கு ஜாஸ் விளங்குமோ?”

அவர் என்னைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே என் முதலாளியைக் கேட்டார். திருகோணமலைத் துறைமுகத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், துறைமுகத்தடி கிளப்பின் செயலாளர். கடையில் எல்லோரும் அவரைச் சேர் என்போம். நான் அந்தக் கசெட் பதிவுக் கடையில் வேலை செய்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். உயர்தரம் நன்றாகச் சித்தியடைந்தும், யுத்தம் என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமல் இந்தக் கடைக்கு அனுப்பியது. சம்பூரிலிருந்து அப்பா மூதூர் லோஞ்சுப் படகில் தயிர்ச் சட்டி கொண்டுவந்து விற்றார். அது எனக்கு வெட்கமில்லை. அதைச் சொல்லிக்காட்டியவர்களை மட்டும் நான் மறப்பதில்லை.

“ஜாஸ் விளங்காட்டியும் காது கேக்கும், சேர்” என்றேன். முதலாளி மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

சேர் ஒரு பெட்டி நிறைய ஸ்பூல் ஒலிநாடாக்களைக் கொண்டுவந்திருந்தார். கிளப்பில் நடந்த ஜாஸ் ஆட்டங்களை ஒரு ரெக்கோடரை வைத்துப் பல வருடங்களாகப் பதிந்தவை. எதிலும் திகதி இல்லை, வாசித்தவர்களின் பெயரும் இல்லை. மெல்பேணிலிருக்கும் தன் தம்பிக்கு அவற்றைக் கசெட்டுகளில் பதிந்து அனுப்ப வேண்டுமாம். தம்பிதான் அந்தக் கிளப்பில் ட்ரம்பெட் ஊதியவர். சண்டை தொடங்கமுன்னமே கப்பலேறியவர். எது எந்த வருடம், யார் யார் வாசித்தது என்று கேட்டுப் பிரித்து, உறையில் அழகாக எழுதுவது என் வேலை.

கடைசி ஸ்பூலைத் தனியாக எடுத்து வைத்தார். “இது வருசப்பிறப்பு ஆட்டம். பன்ரெண்டு மணிக்கு எல்லாரும் கத்துறது கேக்கும். அதுக்குப் பிறகு ஒரு ஓட்டை இருக்கு, மிசின் பிழை. அந்த இடத்தில நிப்பாட்டிப்போட்டு, ட்ரம்பெட் தொடங்கின உடனே திரும்பப் பதி. தம்பியின்ர பேரை எழுது.”

கறண்ட் வரும் நேரங்களில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் எல்லாம் ஒரே இரைச்சல். பிறகு ஆட்கள் பிரியத் தொடங்கினார்கள். தம்பியின் ட்ரம்பெட் எப்போதும் கீழே தொடங்கி, வழுக்கிக்கொண்டு சுருதிக்கு ஏறும். கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் மாரிகாலம். ட்ரம்ஸ்காரர் இரண்டுபேர்; ஒருவர் பாட்டு முடியமுன் அவசரப்படுவார். இப்படித்தான் பிரித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசி ஸ்பூலில் அந்த ஓட்டையை வெட்டமுன் ஒருதரம் கேட்டுப் பார்த்தேன். கண்ணாடிகள் உரசின, ஆட்கள் கத்தினார்கள், புதுவருட வாழ்த்துச் சொன்னார்கள். பிறகு வாத்தியங்கள் தொடங்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். தூரத்தில் பள்ளிவாசல் பாங்கு, தொழுகைக்கு அழைக்கிற குரல். அதற்கு மேலே காகங்கள். பாங்கு முடிந்ததும் ஒரு ஆணின் குரல், “ஓம், இனி ஊதலாம்” என்றது. உடனே ட்ரம்பெட்.

மூதூருக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்கு ஐந்து நேரப் பாங்கும் தெரியும். விடியற்காலைப் பாங்கில் நித்திரையைவிடத் தொழுகை மேல் என்றொரு வரி கூட வரும். இதில் அது இல்லை. நடுச்சாமத்திலோ யாரும் பாங்கு சொல்வதில்லை. ஊதியதும் தம்பி இல்லை. வழுக்கல் கிடையாது, நேரே சுருதியில் போய் விழுந்தது. ஒவ்வொரு உச்சத்துக்கும் முன்னால் உதட்டோரம் காற்றுக் கசிகிற மெல்லிய சத்தம். மற்ற எந்த ஸ்பூலிலும் அது இல்லை.

எனக்கு ஒரு பெண் ஞாபகம் வந்தாள். கொஞ்ச நாள் முன்பு கடைக்கு வந்து, கிளப் ஆட்டம் ஏதும் பதிந்து வைத்திருக்கிறோமா என்று கேட்டவள். முதலாளி அவளை வாசலிலேயே அனுப்பிவிட்டார். அவள் புருஷன் கிளப் குசினியில் சமையல் வேலை செய்தவன். வருடத்தின் கடைசி நாள் பின்னேரம் ஈச்சிலம்பற்றுப் பக்கம் நடந்த ஒரு சூட்டுச் சம்பவத்தில் நின்றான் என்று பிடித்து, மறியலில் வைத்திருந்தார்கள். அவன் அன்று கிளப்பில் இருந்தான் என்று அவள் சொன்னாள். அன்று ஆட்டமே நடக்கவில்லை என்று சேர் சொல்லிவிட்டார். வந்திருந்த மற்றவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். ஊரில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இல்லை.

அவளைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தாலும் உள்ளே விடவில்லை.

“ஆர் அனுப்பினது? அந்தச் சேரோ?”

“ஒருத்தரும் அனுப்பேல்லை, அக்கா. உங்கட ஆள் ட்ரம்பெட் ஊதுவாரோ?”

“ஊதினால் அதுவும் குற்றமோ இப்ப?”

“உதட்டில ஏதும் காயம் இருக்கோ?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சின்னனில முள்ளுக்கம்பி வெட்டினது. ஏன்? அதையும் எழுதிக் குடுக்கவோ வந்தனி?”

நடுச்சாமத்தில் பாங்கு கேட்டதைச் சொன்னேன். அவள் சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. “அது பகல், மக்கு. இரவு ஊரடங்கு எல்லோ? துரைமார் பின்னேரமே திரையெல்லாம் இழுத்துவிட்டு, மணிக்கூட்டைப் பன்ரெண்டுக்குத் திருப்பி வைச்சுக் கத்தினவை. இவர்தான் பாங்கு முடியுமட்டும் எல்லாரையும் நிப்பாட்டினவர். வீட்டை வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். அந்த ஒரு வருசந்தான் அப்பிடி நடந்தது. தை மாசம் ஆமிக்காரர் அந்த மண்டபத்துக்குள்ள மண்மூட்டை அடுக்கிப் போட்டாங்கள்.”

அடுத்த நாள் அவளைப் பின்கதவால் கடைக்குக் கூட்டிவந்து கேட்கவைத்தேன். ட்ரம்பெட்டுக்கு முன்னமே, அந்தக் குரல் வந்ததும், ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். “ஒருக்கா மட்டும் திரும்பப் போடு” என்றாள். பிறகும் அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

சேர் வந்தபோது நேரே கேட்டேன். “சேர், உங்கட கிளப்பில நடுச்சாமத்தில ஆர் பாங்கு சொன்னது?”

அவர் திகைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அது மிசின் பிழை இல்லை என்று அவருக்கு முதலிலேயே தெரியும்.

“வெட்டச் சொன்னால் வெட்டு. அண்டைக்கு அனுமதி எடுக்காமல் நடத்தின ஆட்டம். அதைக் கிளறினால் முதல்ல என்னைத்தான் விசாரிப்பாங்கள். குசினிக்காரன் ஒருத்தனுக்காக நான் உள்ள போகவோ?”

“அவர் உள்ளதானே இருக்கிறார், சேர்.”

“உன்ர கொப்பர் ஒவ்வொரு நாளும் சோதனைச் சாவடியால தயிர் கொண்டு வாறவர் எல்லோ?” குரலைத் தாழ்த்தினார். “பாதை எப்பவும் திறந்தே இருக்கும் எண்டு நினைக்காத.”

முதலாளி நடுவில் புகுந்தார். “சின்னப்பிள்ளை, சேர். விளங்காமல் கதைக்குது. நாளைக்கு எல்லாம் உங்களிட்ட வரும்.” சேர் போனபின் என் பக்கம் திரும்பினார். “படிச்சனி எண்டால் கடையை எரிக்கலாமோ? பேசாமல் பேரை எழுது.”

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று வெறும் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “பாதையை மூடினால் கிண்ணியாப் பக்கத்தால சுத்தி வாறன்” என்றார். “நீ கேட்டது உண்மைதானே?”

உண்மைதான் என்றேன். அவர் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு லோஞ்சுக்கு நடந்தார்.

அடுத்த நாள் சேர் ஸ்பூல்களையும் கசெட் உறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தம்பி உண்மையாகவே ஊதியவற்றில் தம்பியின் பெயரை எழுதியிருந்தேன், அதிலே அவருக்குக் குறை வைக்கவில்லை. பெட்டியின் அடிவரை போய் நிமிர்ந்தார்.

“வருசப்பிறப்பு எங்க?”

அந்தப் பெண்ணின் புருஷனுக்காக வழக்குப் பேசுகிற அப்புக்காத்து எழுதித் தந்த பற்றுச்சீட்டை மேசையில் வைத்தேன். “அதைக் காலமை அவரின்ர கந்தோருக்குப் போய்க் குடுத்திட்டன், சேர். ஸ்பூலில என்ன கேட்டனான், எப்பிடிக் கண்டுபிடிச்சனான் எண்டு சத்தியக்கடதாசியும் முடிச்சாச்சு. என்ர பேர், என்ர கையெழுத்து.”